ஐயரின் கையைப் பார்த்த கமெரா: ஒரு கொழும்புக் கலியாணத்துக்குப் படக்காரர் தேடிய கதை

எங்கள் அண்ணாவின் கலியாண அல்பத்தில் தாலி கட்டும் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. நல்ல தெளிவான படம். அண்ணா இரண்டு கையாலும் தாலியைப் பிடித்திருக்கிறார், அண்ணி தலை குனிந்திருக்கிறார், இரண்டு பேரின் முகத்துக்கும் குறுக்கே ஒரு பூவிதழ்கூட இல்லை. அங்கேதான் பொய் பிடிபடுகிறது. கெட்டிமேளம் முழங்கி, சபை முழுக்க எழுந்து பூவும் அட்சதையும் எறிகிற நேரத்தில் அப்படி ஒரு வெறும் வெளி எங்கே கிடைக்கும்? அது எல்லாம் முடிந்து பத்து நிமிடம் கழித்து, "அண்ணா, தாலியைத் திரும்ப ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்று சொல்லி எடுத்த படம். உண்மையாகக் கட்டிய நேரத்தில் எடுத்தவை மூன்றே மூன்று. மூன்றிலும் சித்தப்பாவின் முதுகும், உயர்த்திய கையில் அவருடைய போனும்தான் தெரிகின்றன.

அது 2016, வெள்ளவத்தை. படம் எடுத்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். எட்டு வருடம் கழித்துத் தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்தபோது, "படக்காரரை நீயே பார்" என்று அப்பா என்னிடம் தந்துவிட்டார். அண்ணாவின் அல்பத்தைப் பற்றி வீட்டில் அதிகம் வாயடித்தவன் நான்தான், அதற்கான தண்டனை என்று நினைக்கிறேன். எப்படித் தேடினோம், எதை வைத்து முடிவெடுத்தோம், அன்றைக்கு என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

கையில் இருந்த கணக்கு

மாப்பிள்ளை லண்டனில் வேலை. லீவு மூன்று கிழமை. நாள் ஆவணியில் வந்தது. ஆடியில் கலியாணம் வைப்பதில்லை, அதனால் ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தங்களுக்கு எல்லாரும் ஒரேயடியாக விழுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையும் அந்த நேரம்தான். ஏழு மாதம் முன்னதாகத் தொடங்கியும், முதலில் அழைத்த இரண்டு பேர் அன்றைக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

காலையில் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் தாலிகட்டு. பின்னேரம் கடற்கரைப் பக்க ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷன். ஹோட்டல்காரர் 2023 கடைசியில் தந்த விலை 15% வற் எனும் பெறுமதி சேர் வரியோடு போட்டது. 2024 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து வரி 18% ஆனது, சேவைக் கட்டணம் 10% வேறு. அந்த இடிப்பை அப்பா படக்காரரின் தலையில் வைத்தார். மூன்றரை இலட்சம் என்று பேசியிருந்தது மூன்று இலட்சமாகச் சுருங்கியது.

இன்னொரு இறுக்கமும் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது விளங்காது. தாலிக்கான பொன்னை உருக்கும் சடங்கான பொன்னுருக்கல் முடிந்துவிட்டால் அதன்பிறகு மணவறைவரை பொம்பிளையும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. பொன்னுருக்கல் கலியாணத்துக்கு நான்கு நாள் முதல். மாப்பிள்ளை வந்து இறங்குவது அதற்கும் மூன்று நாள் முதல். ஆகவே இந்தக் காலத்துப் பிள்ளைகள் விடாப்பிடியாகக் கேட்கிற பிரீ-ஷூட்டுக்கு இரண்டே இரண்டு பின்னேரம்தான் மிச்சம். (அம்மாவின் கருத்து: "கலியாணத்துக்கு முதலே கட்டிப்பிடிச்சு நிக்கிற படமோ? ஆருக்குக் காட்ட?" இந்த வழக்கு ஒரு மாதம் நடந்தது. கட்டிப்பிடிக்காமல் எடுப்பது என்று சமாதானமானது.)

மூன்று பேர்

முதலாமவர் காலி வீதியில் பெரிய ஸ்டூடியோ வைத்திருப்பவர். குளிரூட்டிய அறை, தோல் உறை போட்ட மாதிரி அல்பங்கள், இஞ்சித் தேநீர். நான்கு இலட்சத்து இருபத்தைந்தாயிரம் கேட்டார். பேரம் பேசினால் மூன்றரைக்கு வருவார் போலத்தான் இருந்தது. பொதியில் இல்லாதது எதுவுமில்லை: இரண்டு அல்பம், பெரிதாக்கிய படங்கள், நன்றி சொல்லும் காட் இருநூறு, ட்ரோன். கொழும்பில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டுமே, அதை யார் எடுப்பது என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அடுத்ததாக, "அன்றைக்கு நீங்கள்தானே வருவீர்கள்?" என்று கேட்டேன். "எங்கட டீம் வரும்" என்றார். டீமில் யார், அவர்கள் எடுத்த படம் எது என்பதற்கு ஒரு பதில் கிடைக்கவில்லை. சுவரில் தொங்கியவை எல்லாம் அவர் கையால் எடுத்தவை. ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு அவருக்கு நான்கு வேலை இருந்தால், எங்களுக்கு வருவது அந்தச் சுவரில் இல்லாத கை.

இரண்டாமவர் மச்சானின் சிநேகிதன், கொட்டாஞ்சேனைப் பெடியன். ஒரு இலட்சத்து இருபதாயிரம் கேட்டான். முகப்படங்கள் எடுப்பதில் இந்த மூன்று பேரிலும் அவன்தான் கெட்டிக்காரன், அதை இப்போதும் சொல்வேன். ஆனால் வைத்திருந்தது 2018இல் வந்த கெனன் ஈஓஎஸ் ஆர். அதே வருடத்து நிக்கோன் இசட் 6 மாதிரி அதிலும் படம் பதிகிற மெமரி கார்ட் ஒன்று போடத்தான் இடம் உண்டு. எடுக்கிற ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்ட்டில் விழுந்தால், ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். ஒற்றைக் கார்ட் செத்தால் கலியாணமே போச்சு. 2020இல் வந்த கெனன் ஆர்6 போன்றவற்றில் இரண்டு இருக்கிறது, வாடகைக்கும் எடுக்கலாம். "வாடகைக்கு எடு தம்பி, காசு நான் தாறன்" என்றேன். "அண்ணா, எனக்கு ஒருநாளும் கார்ட் போனதில்லை" என்று சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவனை விட்டோம். பொன்னுருக்கலுக்கு அவனைத்தான் கூப்பிட்டோம். கிண்ணத்தில் பொன் உருகுகிற செம்மஞ்சள் வெளிச்சம் ஆசாரியாரின் முகத்தில் விழுந்த படம் ஒன்று எடுத்தான், இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

மூன்றாமவர் தெஹிவளையில் இருக்கும் சிங்கள மனிதர், மனைவியோடு சேர்ந்து எடுப்பவர். இரண்டு இலட்சத்து எண்பதாயிரம். தமிழ்க் கலியாணம் அதுவரை இரண்டுதான் செய்திருந்தார்.

அழகான படம் எல்லாரிடமும் உண்டு

இன்ஸ்டகிராமில் பார்த்தால் மூவரும் ஒரே மாதிரித்தான். ஐந்து வருடமாக எடுத்ததில் ஆகச்சிறந்த நூறு படத்தைப் போட்டால் யாரும் மன்னர்தான். அதனால் மூவரிடமும் ஒன்றையே கேட்டேன்: மண்டபத்துக்குள் நடந்த ஒரு கலியாணத்தை, வாடிக்கையாளருக்குக் கொடுத்த அத்தனை படத்தோடும், முதலிலிருந்து கடைசிவரை காட்டுங்கள். ஸ்டூடியோக்காரர் வாடிக்கையாளரின் அந்தரங்கம் என்று மறுத்தார். அது நியாயமான காரணமாகவும் இருக்கலாம். தெஹிவளைத் தம்பதி தாங்கள் செய்த தமிழ்க் கலியாணத்துப் பொம்பிளையிடம் கேட்டு அனுமதி வாங்கி, மடிக்கணினியில் 780 படம் காட்டினார்கள். இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தோம்.

பார்க்கும்போது அழகை விட்டுவிட்டு வேறு சிலதைத் தேடினோம். தாலி கட்டும்போது எத்தனை படம், ஒவ்வொன்றிலும் யாருடைய முகம் தெரிகிறது. ஓமப்புகைக்குள் பிளாஷ் அடித்து வெள்ளைப் படலமாக்கியிருக்கிறார்களா. மணவறைக்கு மேலே மஞ்சள் விளக்கு, பக்கத்தில் அலங்காரக்காரரின் ஊதா விளக்கு என்று இரண்டு நிறம் ஒரு முகத்தில் விழும்போது என்ன செய்திருக்கிறார்கள். ஒரே நிற வெளிச்சம் பிழையாக இருந்தால் பிறகு கணினியில் திருத்தலாம், பாதி முகம் மஞ்சளும் பாதி ஊதாவுமாக இருந்தால் திருத்துவது பெரும்பாடு. வரிசையாக வந்த சில படங்களின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. ஏன் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே மண்டப விளக்குகள் வினாடிக்கு நூறு தடவை மின்னி மின்னி எரிகின்றன, கண்ணுக்குத் தெரியாது, ஷட்டரை மிக வேகமாக வைத்தால் கமெராவுக்குத் தெரியும். நூறில் ஒரு வினாடிக்கு வைத்தால் கோடு போய்விடும், ஆனால் ஆட்டுகிற கை கொஞ்சம் கலங்கும். "அன்றைக்கு நான் பிந்தித்தான் கவனித்தேன்" என்றார். தன் பிழையை இவ்வளவு விபரமாகச் சொல்லத் தெரிந்தவர் அதைத் திரும்ப விடமாட்டார் என்று எனக்குப் பட்டது.

முடிவை எடுக்கவைத்தது இதுகூட இல்லை. கிளம்பும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். போன தமிழ்க் கலியாணத்தில் பொம்பிளை நடுவில் எழுந்து எங்கோ போய்விட்டார், முக்கால் மணித்தியாலம் ஆளைக் காணவில்லை, வேறு சேலையோடு வந்தார், அது என்ன, எங்கள் கலியாணத்திலும் வருமா?

சிங்களக் கலியாணத்தில் பொருவ என்ற மேடையில் இருவரும் சபையைப் பார்த்து நிற்பார்கள். சுண்டுவிரல்களை நூலால் கட்டி நீர் வார்ப்பது உட்பட எல்லாமே கமெராவுக்கு நேரே நடக்கும். எங்கள் மணவறையில் இருவரும் கீழே இருப்பார்கள், முன்னே ஓமகுண்டம், அதற்கு முன்னே ஐயர், அவரைச் சுற்றிச் சொந்தக்காரர். கன்னிகாதானம் முடிந்ததும் கூறைச்சேலையை வாங்கிக்கொண்டு பொம்பிளை மாற்றப் போய்விடும். மாப்பிள்ளை தனியே இருப்பார். அந்த இடைவெளியில் தாலித் தட்டு சபை முழுக்கப் போகும், பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். பொம்பிளை கூறையோடு திரும்பி வந்ததும் தாலிகட்டு. ஆண் படக்காரர் ஒருவர் மட்டும் வந்தால், கூறை உடுத்தும் அறைக்குள் அவர் போக ஏலாது, வெளியே என்ன நடக்கிறது என்றும் தெரியாது, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அண்ணாவின் கலியாணத்தில் வந்தவர்கள் அந்த நேரம் சாப்பிடப் போனார்கள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் கேட்ட அந்தக் கேள்வியை மற்ற இரண்டு தமிழரும் கேட்கவில்லை. தெரியும் என்ற நினைப்பு. தெஹிவளைக்காரருக்கே கொடுப்பது என்று வீட்டில் சொன்னபோது பெரியப்பா மட்டும், "எங்கட ஆக்களுக்குக் குடுத்திருக்கலாம்" என்றார். நான் அண்ணாவின் அல்பத்தை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

ஒரு பக்க ஒப்பந்தம்

ஆங்கிலத்தில் ஒரே பக்கம். வருவது இவர்கள் இரண்டு பேரும்தான், வர ஏலாத வருத்தம் வந்தால் யாரை அனுப்புவார்கள் என்பதும் பெயரோடு. காலை 6 மணியிலிருந்து தாலிகட்டுச் சாப்பாடு முடியும்வரை, பிறகு ரிசப்ஷன் ஐந்து மணித்தியாலம். இரண்டு கார்ட்டில் பதிவு, வீடு போவதற்கு முன்பே ஒரு பிரதி எங்கள் ஹார்ட் டிஸ்க்கில். இந்தக் கடைசியை அவர் முதலில் விரும்பவில்லை. திருத்தாத கோப்பு ஒன்று 25 மெகாபைட் என்றாலும் 3,000 படத்துக்கு 75 ஜிபி, நள்ளிரவில் அதைப் பிரதி எடுக்க யார் காத்திருப்பது என்றார். நான் காத்திருக்கிறேன் என்றேன். திருத்தாதவற்றை வெளியே காட்டமாட்டோம் என்று எழுதிக் கொடுத்ததும் சம்மதித்தார். பொம்பிளையின் படத்தை விளம்பரத்துக்குப் போடுவதானால் கேட்டுப் போட வேண்டும். காசு மூன்று தவணை, கடைசித் தவணை அல்பம் கைக்கு வந்த பிறகு.

அதைவிடப் பிரயோசனப்பட்டது இன்னொரு தாள். அப்பாவும் நானும் ஐயரிடம் போய் இருந்து, சடங்குகளை நேரத்தோடு எழுதி வந்தோம். எது எந்தப் பக்கம் பார்த்து நடக்கும், யார் எங்கே நிற்பார் என்று படமும் கீறினோம். தாலி கட்டுகிற நொடி எப்படித் தெரியும் என்று கேட்டபோது ஐயர் சிரித்துவிட்டுத் தன் வலது கையைக் காட்டினார். அவர் கையை உயர்த்தி விரலை ஆட்டினால்தான் தவில்காரர் கெட்டிமேளம் தொடங்குவார். ஆகவே மேளம் கேட்ட பிறகு கமெராவைத் தூக்கினால் பிந்திவிட்டது. தாளில் சிவப்பு மையால் எழுதினேன்: பொம்பிளையைப் பார்க்காதே, ஐயரின் கையைப் பார்.

நடந்தது

பிரீ-ஷூட் காலிமுகத் திடலில். கொழும்பில் ஓகஸ்டில் சூரியன் 6.20 தாண்டித்தான் கடலுக்குள் இறங்கும், ஆனால் இறங்கியதும் சட்டென்று இருட்டிவிடும், நல்ல வெளிச்சம் என்பது அரை மணித்தியாலம்கூட இல்லை. காலி வீதி நெரிசலில் மாட்டி நாங்கள் 6 மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். தென்மேல் பருவக்காற்று சேலைத் தலைப்பை மாப்பிள்ளையின் முகத்தில் சுற்றியது. அவர் இஸ்ஸோ வடையை (இறால் வடை) விழாமல் பிடித்துக்கொண்டு கண் தெரியாமல் நிற்கிற படம்தான் அன்றைக்கு உருப்படியானது. இரண்டாவது பின்னேரம் மழை.

கலியாணத்தன்று காலை மண்டபத்துக்குள் நுழைந்ததுமே ஊதா விளக்குகள். சடங்கு முடியும்வரை மணவறைப் பக்கத்து நான்கை மட்டும் அணைக்கச் சொன்னோம், அலங்காரக்காரர் மறுபேச்சில்லாமல் அணைத்தார். எட்டு வருடத்துக்கு முன் இதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சதமும் செலவில்லாத வேலை.

பெரிய பிழை வீடியோவில் வந்தது, அது என் பிழை. வீடியோவை மாப்பிள்ளை வீட்டார் வேறு ஆட்களிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு பகுதியையும் முன்கூட்டி ஒருநாள் சந்திக்கவைக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. தெஹிவளைக்காரர் தாளைப் பார்த்துத் தெரிவுசெய்து வைத்திருந்த மூலையில் வீடியோக்காரர் முக்காலியை நட்டிருந்தார், விலகவும் மாட்டேன் என்றார். கடைசியில் மாமி ஒருவர்தான் தீர்த்துவைத்தார்: "தம்பி, நீர் கொஞ்சம் குந்தியிரும். மல்லி, நீங்க அவற்ற தலைக்கு மேலால எடுங்கோ." (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.) குந்தியிருந்தார், எடுத்தார்.

கூறைக்கு இருபது நிமிடம் என்று தாளில் இருந்தது. கொசுவம் பிடித்து, ஊசி குத்தி, மாலையைத் திரும்பப் போட நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். கூறையோடு அறையில் பத்து நிமிடம் நிற்கவைத்து ஆறுதலாகப் படம் எடுப்பதாக இருந்தது, அது நடக்கவில்லை. தங்கச்சி கிட்டத்தட்ட ஓடித்தான் வந்தாள். படக்காரரின் மனைவி அவளுக்கு முன்னால் நடைபாதையில் பின்பக்கமாக நடந்துகொண்டே பதினொரு படம் எடுத்திருந்தார். ஒன்றில் தோழி ஒரு கையால் கூறையின் கரையைத் தூக்கிப் பிடித்து, வாயில் ஒரு ஊசியைக் கவ்வியிருக்கிறாள். அல்பத்தைத் திறக்கிற எல்லாரும் நிற்கிற பக்கம் அது.

தாலிகட்டு: ஐயரின் கை உயர்ந்ததிலிருந்து மூன்றாவது முடிச்சு வரைக்கும் நாற்பத்தாறு படம். சித்தப்பா இந்த முறையும் போனோடு எழுந்தார், அண்ணா பின்னாலிருந்து அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்து இருத்தினார். அதுவும் ஒரு படத்தில் விழுந்திருக்கிறது.

ரிசப்ஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நானூறு பேர், நான்கு நான்கு பேராக மேடைக்கு வந்து ஒரு நிமிடம் நின்றாலும் நூறு நிமிடம். அந்த நூறு நிமிடமும் யார் எடுத்தாலும் ஒரே படம்தான்.

அல்பம் ஒப்பந்தத்தில் சொன்னதைவிட ஐந்து கிழமை பிந்தியது. கடைசித் தவணை எங்கள் கையில் இருந்ததால் யாரும் கோபப்படாமல் பேச முடிந்தது.

தாளில் இல்லாத ஒருவர்

படங்களைத் தெரிவுசெய்ய உட்கார்ந்த அன்றைக்குத்தான் அப்பா கேட்டார்: "அக்கா எங்க?"

அப்பாவின் மூத்த அக்கா, எண்பத்து மூன்று வயது, யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் வந்திருந்தார். குடும்பப் படங்களுக்கு நான் இருபத்திரண்டு குழுக்கள் எழுதிக் கொடுத்திருந்தேன். ரிசப்ஷனில் எடுக்கலாம் என்று அவரைப் பின்னேரத்து வரிசையில் போட்டேன். அவர் மத்தியானச் சாப்பாட்டோடு களைத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டார், பின்னேரம் வரவில்லை. தொளாயிரம் படத்தையும் இரண்டு தடவை பார்த்தோம். மாமி இல்லை.

தெஹிவளைக்காரரிடம் சொன்னேன். திருத்தாமல் விட்டவற்றையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சத்தையும் அவர் மனைவி திரும்பப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கூறை மாற்றுகிற நேரம், தாலித் தட்டு சபையில் போகும்போது, கணவர் தட்டின் பின்னாலேயே போய் எடுத்த வரிசையில் ஒன்று. முகம் எதுவும் இல்லை. வெள்ளித் தட்டு, மஞ்சள் பூசிய தேங்காய், தாலிக்கொடி, அதன்மேல் சுருங்கிய ஒரு கை. மணிக்கட்டில் மெல்லிய பழைய காப்பு, ஓரிடத்தில் நெளிந்தது.

"இது அக்காதான்" என்றார் அப்பா. அந்த நெளிவு எப்படி வந்தது என்றும் சொல்லத் தொடங்கினார், கிணற்றடி, கயிறு, அவருக்கு அப்போது ஆறு வயது.

பொதியில் பெரிதாக்கும் படம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. தங்கச்சி அதைக் காலிமுகத்து வடைப் படத்துக்கு என்று வைத்திருந்தாள். அப்பா கையைத்தான் அடிக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவதற்கு நான் தனியாகக் காசு கட்டினேன்.